தாய்க் கம்பெனியும் பிள்ளைக் கம்பெனியும்

(தோட்டக் கிளைகளின் வட்டாரப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்பின் தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் சிலர் முகம் சுளித்ததைக் கவனித்தோம். பங்கு மாற்றம், முத்திரை வரி, ஆதாய வரி ஆகியவையெல்லாம் கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் அமர்ந்திருக்கும் கணக்காய்வாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் உரிய சங்கதி; பால் வாளி தூக்குகிறவருக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் இதில் என்ன வேலை என்று கேட்பது நியாயமே. ஆனால் சென்ற சில மாதங்களாகக் கிளைக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இதைத் தொட்டே வருகிறது. "தோட்டத்து வாசலில் பெயர்ப் பலகை மாறிவிட்டது. கம்பெனி கைமாறிவிட்டதாம். எங்கள் இருபது வருஷ சர்வீசு என்ன ஆவது?" என்று கேட்கிறார்கள். இதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கைமாறியது எது, எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு என்று முதலில் அறிய வேண்டும்.

கம்பெனி என்றால் என்ன? ஆபீஸ் கட்டடம் அல்ல, துரை அல்ல, பெரிய கிராணியும் அல்ல. சட்டத்தின் கண்ணில் கம்பெனி தனியே ஓர் ஆள். அதற்குக் கை கால் கிடையாது. ஆனால் நிலம் வாங்கும், கடன் வாங்கும், நம்மை வேலைக்கு வைக்கும், வழக்கும் போடும். இந்தத் தத்துவத்தை நிலைநாட்டியது 1896ஆம் ஆண்டு இலண்டன் பிரபுக்கள் சபை கொடுத்த ஒரு தீர்ப்பு. சாலமன் என்ற தோல் பூட்ஸ் வியாபாரி தம் வியாபாரத்தைத் தாமே அமைத்த ஒரு கம்பெனிக்கு விற்றார். பங்குதாரர்கள் ஏழு பேர். அவரும் அவர் குடும்பத்தாரும்தான். கம்பெனி நொடித்தது. கடன்காரர்கள் அவர் சட்டையைப் பிடித்தார்கள். கம்பெனி வேறு, சாலமன் வேறு, கம்பெனியின் கடனுக்கு அவர் பொறுப்பல்ல என்று பிரபுக்கள் தீர்ப்பளித்தார்கள். அன்று முதல் இன்று வரை, உலகத்து முதலாளிமார் எல்லாரும் மழைக்கு ஒதுங்கும் கூரை அது.

ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் பங்குகளை வைத்திருந்து அதை ஆட்டிவைத்தால், முன்னது தாய், பின்னது பிள்ளை. மலாயில் அனாக் சியாரிக்காட் என்கிறார்களே, அதுவும் பிள்ளைக் கம்பெனிதான். ஒரு தாய்க்குப் பத்துப் பிள்ளைகள் இருக்கலாம். ஒன்று நிலத்தை வைத்திருக்கும், ஒன்று ஆலையை நடத்தும், ஒன்று வீடு கட்டி விற்கும். பிள்ளைக்குப் பிள்ளையும் உண்டு. நாம் வேலை செய்வது இந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளையிடம் என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. பலகையில் தாயின் பெயர் பெரிதாக இருக்கும். சம்பளச் சீட்டில் பிள்ளையின் பெயர் சிறிதாக இருக்கும்.

இனி, ஒரு தோட்டம் கைமாற இரண்டு வழிகள் உண்டு. பெட்டியில் நகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நகையை எடுத்து மற்றவரிடம் கொடுக்கலாம். அல்லது பூட்டைத் திறக்காமலே பெட்டியைக் கொடுத்துவிடலாம். நகைதான் நிலம். பெட்டிதான் கம்பெனி. நிலத்தை விற்றால் நில அலுவலகத்தில் பட்டா மாறும். பங்கை விற்றால் பட்டாவில் ஒரு எழுத்தும் மாறாது. நேற்றும் அதே கம்பெனி, இன்றும் அதே கம்பெனி. அந்தக் கம்பெனியை ஆளுகிறவர் மட்டும் வேறு.

இந்தப் பெட்டி வித்தைக்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1950களில் வெள்ளைக்கார முதலாளிமார் பலர் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். அது நிலத்தை விற்ற காலம். துண்டாடப்பட்ட தோட்டங்களில் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் வேலையும் லயமும் இழந்த கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தத் துயரத்தில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதாமாதம் கட்டிய சிறு தொகைகளைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. பிறகு 1981 செப்டம்பர் 7ஆம் தேதி வந்தது. இலண்டன் பங்குச் சந்தை திறந்து நான்கு மணி நேரம் ஆவதற்குள், நம் நாட்டின் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி கம்பெனியின் பங்குகளில் பாதிக்கு மேல் வாங்கி முடித்தது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனி அது. அன்று ஒரு ஏக்கருக்கும் பட்டா மாறவில்லை. இலண்டனில் அந்த வியாபாரம் முடிந்த நேரத்தில் இங்கே வெட்டுக்குப் போனவர்கள் பாலை ஸ்டோரில் கொட்டிவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள். காலையில் முதலாளி இலண்டனில், மாலையில் கோலாலம்பூரில். பெட்டி போய்விட்டது; நகையை யாரும் தொடவேயில்லை. பிற்பாடு 2007இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய மூன்றும் ஒன்றாயின. 2017இல் தோட்டப் பகுதி தனியாகப் பிரிந்தது. 2024இல் அது எஸ்.டி. கத்ரி என்று பெயர் சூடிக்கொண்டது. பெயர் போய்ப் பெயர் வருகிறது. மரத்துக்கும் நமக்கும் இடையே உள்ள கணக்கு மட்டும் மாறவில்லை.

வரிக்கு வருவோம். இங்கேதான் வேடிக்கை.

ஐந்து கோடி வெள்ளி பெறுமானமுள்ள ஒரு தோட்டத்தை வெளியாருக்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலமாக விற்றால் பத்திரத்துக்கு முத்திரை வரி உண்டு. முதல் இலட்சத்துக்கு நூற்றுக்கு ஒன்று, அடுத்த நான்கு இலட்சத்துக்கு இரண்டு, அடுத்த ஐந்து இலட்சத்துக்கு மூன்று, பத்து இலட்சத்துக்கு மேல் நான்கு. கூட்டிப் பார்த்தால் 19 இலட்சத்து 84 ஆயிரம் வெள்ளி. அதே தோட்டத்தை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளை அதே ஐந்து கோடிக்கு விற்றால், பங்குக்கு முத்திரை வரி ஆயிரத்துக்கு மூன்று வெள்ளி. ஆக ஒன்றரை இலட்சம். கணக்குப் போடத் தெரிந்த எந்த முதலாளி முதல் வழியில் போவான்?

ஆதாய வரியும் அப்படித்தான் இருந்தது. 1976இல் நிலச் சொத்து ஆதாய வரிச் சட்டம் வந்தது. நிலம் விற்று லாபம் பார்த்தால் வரி. சரி, நிலத்தை விற்காதே, பங்கை விற்றுவிடு என்று யோசனை சொல்ல ஆள் இல்லாமலா போவார்கள்? அந்த ஓட்டையை அடைக்க 1988 அக்டோபர் 21 முதல் ஒரு விதி வந்தது. சிலர் கையில் மட்டும் அடங்கிய ஒரு கம்பெனியின் சொத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கோ அதற்கு மேலோ நிலமாக இருந்தால், அதன் பங்கை விற்பதும் நிலத்தை விற்பது மாதிரியே என்று சட்டம் எழுதினார்கள். பெட்டியை ஆட்டிப் பார்த்து உள்ளே நகை இருக்கிறது என்று கண்டுகொண்ட விதி அது. 2024ஆம் ஆண்டு இன்னொரு படி மேலே போனார்கள். பங்குச் சந்தையில் இடம்பெறாத கம்பெனிகளின் பங்கை ஒரு கம்பெனி விற்று ஆதாயம் பெற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. மார்ச் 1 முதல் அது வசூலுக்கு வந்தது. ஆதாயத்தில் நூற்றுக்குப் பத்து. 2024க்கு முன் வாங்கிய பங்கானால் விற்ற மொத்த விலையில் நூற்றுக்கு இரண்டு கட்டினாலும் போதும். நிலச் சொத்து நிறைந்த கம்பெனியின் பங்கைக் கம்பெனிகள் விற்பதும் இப்போது இந்த வரிக்குள்தான் வருகிறது.

இதுவரை சொன்னது வெளியாருக்கு விற்பதைப் பற்றி. தாய் பிள்ளைக்குக் கொடுத்தால்? பிள்ளை தாய்க்குத் திருப்பினால்? அண்ணன் கம்பெனி தம்பி கம்பெனிக்கு எழுதினால்? அப்போது சட்டம் வேறு முகம் காட்டுகிறது.

1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தில் 15ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறோ அதற்கு மேலோ மற்றதன் கையில் இருந்தால், அல்லது இரண்டிலும் தொண்ணூறு பங்கு மூன்றாவது ஒரு தாயின் கையில் இருந்தால், அவற்றுக்கிடையே பங்கோ நிலமோ கைமாறும்போது முத்திரை வரி கிடையாது. நாம் கணக்குப் போட்ட 19 இலட்சத்து 84 ஆயிரமும் இல்லை, ஒன்றரை இலட்சமும் இல்லை. நில ஆதாய வரிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, 17ஆம் பத்தியில், ஒரே குடும்பக் கம்பெனிகளுக்குள் நிலம் போனால், முன்கூட்டியே வரி இலாகாவின் அனுமதி பெற்று, விலையில் பெரும்பகுதியைப் பங்காகக் கொடுத்து, நிர்வாகத் திறனை உயர்த்தவே இந்த மாற்றம் என்று காட்டினால், லாபமுமில்லை நட்டமுமில்லை என்று கணக்கு எழுதிக்கொள்ளலாம். பங்குக்கான மூலதன ஆதாய வரியிலும் குடும்பத்துக்குள் நடக்கும் சீரமைப்புக்கு 2028 டிசம்பர் 31 வரை விலக்கு உண்டு.

இது அநியாயம் என்று மேசையைத் தட்ட வேண்டாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. வலது பையில் இருந்த பணத்தை இடது பையில் போட்டால் பணம் கூடுவதில்லை. ஆதாயமே இல்லாத இடத்தில் ஆதாய வரி கேட்பது நேர்மையல்ல. நமக்கும் இதே மாதிரி சலுகை இருக்கிறது, தெரியுமா? கணவன் தன் வீட்டை மனைவி பெயருக்கு அன்பளிப்பாக எழுதினால் முத்திரை வரி விலக்கு. பெற்றோர் பிள்ளைக்கு எழுதினால் 2023 ஏப்ரல் முதல் பத்து இலட்சம் வெள்ளி வரை முழு விலக்கு. குடும்பம் குடும்பந்தான் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. தொழிலாளி குடும்பத்துக்கு உள்ளது கம்பெனிக் குடும்பத்துக்கும் இருக்கட்டும். கம்பெனிக் குடும்பத்தில் பாசம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

ஆனால் 17ஆம் பத்தியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை நீங்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். லாப நட்டமில்லை என்றால் வரியை அரசாங்கம் மன்னித்துவிட்டது என்று பொருளல்ல; தள்ளி வைத்திருக்கிறது. தாய் அந்த நிலத்தை ஒரு காலத்தில் பத்து இலட்சத்துக்கு வாங்கியிருந்தால், பிள்ளையும் பத்து இலட்சத்துக்கே வாங்கியதாகக் கணக்கு. நாளை பிள்ளை வெளியாருக்கு ஐந்து கோடிக்கு விற்கும்போது பழைய பத்து இலட்சத்திலிருந்துதான் ஆதாயம் கணக்கிடப்படும். அதாவது நிலம் போகும்போது நிலத்தின் பழைய சரித்திரமும் அதனோடு சேர்ந்து போகிறது. நேற்றுப் பிறந்த கம்பெனிதானே, பழைய விலை எனக்கெதற்கு என்று பிள்ளை கேட்க முடியாது.

நிலத்தின் சரித்திரம் கூடவே போகிறது. தொழிலாளியின் சரித்திரம்?

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், நாங்கள் கிராணிமார் சிலர் அங்கே ஆபீசில் இருந்தவர்கள். ஒரு மாதக் கடைசியில் தலைமை ஆபீசிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்கள் வந்தன. தோட்டம் தாய்க் கம்பெனியிடமிருந்து பிள்ளைக் கம்பெனிக்குப் போகிறது. குழுமத்தின் உள் சீரமைப்பு. கவலை வேண்டாம் என்று முதல் தாள். இரண்டாவது தாள் பழைய கம்பெனிக்கு ராஜினாமா. மூன்றாவது தாள் புதிய கம்பெனியின் நியமனக் கடிதம்; அதில் வேலையில் சேர்ந்த தேதி அடுத்த மாதம் முதல் தேதி. மூன்றையும் ஒரே பின்னால் குத்தி, காலைப் பிரட்டில் கையெழுத்து வாங்கும்படி எங்களுக்கு உத்தரவு. தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள் நாங்கள். ஆனாலும் தேதி படிக்கத் தெரியும். 22 வருஷம் வெட்டிய ஓர் அம்மாள், "என்ன தம்பி, போடட்டுமா?" என்று பேனாவை வாங்கினார்கள். பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். அன்று பிரட்டில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. சங்கச் செயலாளர் வந்தார், பேச்சு நடந்தது. இரண்டாம் தாளைத் திரும்பப் பெற்றார்கள். மூன்றாம் தாளில் ஒவ்வொருவரும் முதன்முதலில் சேர்ந்த தேதியை எழுதினார்கள். கிராணி என்றால் துரையின் ஆள் என்றொரு பேச்சு நம்மிடையே உண்டு. செக்ரோலை எழுதுகிற கைக்குத்தான் ஒரு தேதியின் விலை தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தத் தேதியின் விலை என்ன? 1980ஆம் ஆண்டு வேலை நீக்க, ஆட்குறைப்பு உதவித்தொகை விதிகளின்படி, ஐந்து வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்தவரை நீக்கினால் வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஐந்துக்குக் கீழ் என்றால் 15 நாள். இரண்டுக்குக் கீழ் என்றால் 10 நாள். பன்னிரண்டு மாதம் முடியாதவருக்கு ஒன்றுமில்லை. 22 வருஷத்துக்கு 440 நாள் சம்பளம். அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டிருந்து, ஒன்றரை வருஷம் கழித்துப் பிள்ளைக் கம்பெனி தோட்டத்தை மூடியிருந்தால், 15 நாள். நாள் சம்பளம் 55 வெள்ளி என்றாலும், 24,200 வெள்ளி எங்கே, 825 வெள்ளி எங்கே!

இப்போது நாம் சொல்ல வந்த சங்கதி விளங்கியிருக்கும். முத்திரை வரி அதிகாரியிடம் போய், "ஐயா, இது விற்பனையே அல்ல, தாயும் பிள்ளையும் ஒன்று, தொண்ணூறு பங்கு ஒரே கை" என்று சொல்லி, கேட்டால் சத்தியப் பிரமாணமும் கொடுத்து, இலட்சக்கணக்கில் வரியை மிச்சம் பிடிக்கிறார்கள். அதே வாரம் பிரட்டில் வந்து நின்று, "உங்கள் பழைய கம்பெனி வேறு, இது புதுக் கம்பெனி, புதிதாகச் சேருங்கள்" என்கிறார்கள். ஒரே வாயில் இரண்டு பேச்சு. வரி ஆபீசில் ஒரே குடும்பம் என்றால் செக்ரோலிலும் ஒரே குடும்பந்தான் என்று நாம் கேட்க வேண்டும். வரிச் சட்டத்துக்காகச் சொன்ன வார்த்தை தொழிலாளர் வழக்கில் தானாகவே செல்லுபடியாகும் என்று உங்களை ஏமாற்ற மாட்டோம். இரண்டும் வேறு வேறு சட்டம். ஆனால் கம்பெனி தன் வாயால் சொன்னதை அதன் முன்னாலேயே எடுத்து வைப்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

நம் பக்கத்துச் சட்டமும் ஊமையல்ல. பங்கு மட்டும் கைமாறினால், நம் எஜமான் அதே கம்பெனிதான். ராஜினாமாவும் தேவையில்லை, புது நியமனமும் தேவையில்லை, சர்வீசு ஒரு நாளும் குறையாது. அதே போல, வேலை முடிந்துவிட்டதாகச் சொல்லி உதவித்தொகை கேட்கவும் முடியாது. முடியாத வேலைக்கு முடிவுப் பணம் எப்படி வரும்? சில தோட்டங்களில், பங்கு விற்றதாகப் பேப்பரில் படித்துவிட்டு, பணம் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. வராது. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

தோட்டமே, அதாவது தொழிலே, ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொன்றுக்குப் போனால் அது வேறு. அப்போது எஜமான் மாறுகிறான், பிள்ளையானாலும் சரி. தீபகற்ப மலேசியாவில் அந்த 1980ஆம் ஆண்டு விதிகளின் எட்டாவது விதி பேசுகிறது. புது எஜமான் ஏழு நாளுக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தருவதாகச் சொல்ல வேண்டும். சொன்னால், நாம் ஏற்றுக்கொண்டால், பழைய சர்வீசு முழுவதும் புதிய எஜமானிடம் செய்ததாகவே கணக்கு, இடையில் முறிவில்லை. சொல்லாவிட்டால் நம் வேலை முடிந்ததாகப் பொருள். உதவித்தொகைக்குப் பழையவரும் புதியவரும் கூட்டாகப் பொறுப்பு. ஆகவே ராஜினாமாக் கடிதம் என்ற இரண்டாவது தாளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. தானாக விலகியவனுக்கு எட்டாவது விதி உதவாது என்பதற்காகவே அது நீட்டப்படுகிறது. கூட்டு ஒப்பந்தமும் அப்படித்தான்: 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒப்பந்தம் எஜமானுக்குப் பின் வருகிறவரையும் கட்டுப்படுத்தும் என்கிறது. சம்பளம், விடுமுறை, போனஸ் என்று சங்கம் பேசி வாங்கியதெல்லாம் பலகையோடு கழன்று விழாது.

இன்னொரு பயமும் சிலருக்கு உண்டு. நல்ல நிலத்தையெல்லாம் ஒரு பிள்ளையிடம் சேர்த்துவிட்டு, ஆள்களையும் கடனையும் இன்னொரு நோஞ்சான் பிள்ளையிடம் விட்டு, பிறகு அதை மூடிவிட்டால்? சாலமன் தீர்ப்பைக் காட்டி, தாய் கையை விரிக்கலாமே? இதற்கு 1980ஆம் ஆண்டு சட்ட ஏடுகளில் வெளியான ஹோட்டல் ஜெயபுரி வழக்கைத் தெரிந்து வைத்திருங்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டல். அதற்குள்ளே அதன் பிள்ளைக் கம்பெனி ஒரு ரெஸ்டாரண்ட் நடத்தியது. நட்டம் என்று ரெஸ்டாரண்டை மூடி ஆள்களை நிறுத்தினார்கள். ஹோட்டல் தொழிலாளர் சங்கம் விடவில்லை. பெயருக்கு இரண்டு கம்பெனி, நடப்பில் ஒரே நிறுவனம் என்று தொழில் நீதிமன்றம் கண்டது. உயர் நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. தாயின் முகத்தை மூடியிருந்த திரையை விலக்கிப் பார்த்தார்கள். எல்லா வழக்கிலும் திரை விலகும் என்பதல்ல. ஒரே ஆபீஸ், ஒரே நிர்வாகம், ஆள்களை இங்கும் அங்கும் மாற்றி வேலை வாங்குதல் என்று நடப்பை எடுத்துக்காட்ட வேண்டும். அந்தச் சாட்சியம் நம் கையில்தான் சேர வேண்டும். எந்தத் தேதியில் எந்த டிவிஷனிலிருந்து எத்தனை பேரை எந்தக் கம்பெனியின் தோட்டத்துக்கு லாரியில் ஏற்றினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கும் மண்டோர் ஒருவர் பத்து வழக்கறிஞர்களுக்குச் சமம்.

மூன்று வருஷக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. குடும்பத்துக்குள் மாற்றி வரிச் சலுகை வாங்கியவர்கள் உடனே வெளியாருக்கு விற்றால் சலுகை போய்விடும். முத்திரைச் சட்டத்தில் 2019 முதல் இதற்கு மூன்று வருஷம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குள் அந்தச் சொத்தை விற்றாலோ குடும்ப உறவு அறுந்தாலோ விட்ட வரியைக் கட்ட வேண்டும். அதனால் நிலத்தைப் பிள்ளைக்கு மாற்றியதும் மூன்று வருஷம் சத்தமே இருக்காது. எல்லாம் அடங்கிவிட்டது என்று நாமும் அயர்ந்திருப்போம். அந்தப் பிள்ளை வீட்டு மனைத் தொழிலில் இருக்கும் பிள்ளையானால், நாலாவது வருஷத்தை எண்ணிக் காத்திருங்கள். எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்யும் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. மறுநடவு இல்லாமல் மரம் கிழடாகிக்கொண்டே போகும் தோட்டத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கண் திறந்திருக்கட்டும். 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். அங்கே சங்கம் நம் வீடுகளையும் கோயிலையும் பள்ளியையும் பற்றிப் பேச ஒரு வாசல் இருக்கிறது. பங்கை மட்டும் விற்றால் நிலம் மாறவில்லையாதலால் அந்த வாசலுக்கே அவர்கள் வருவதில்லை. வரியில் மட்டுமல்ல, இதிலும் பெட்டி வழிதான் அவர்களுக்குச் சுளுவு.

ஆகவே கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது. அது பெரிய வித்தை அல்ல. உங்கள் சம்பளச் சீட்டில் கீழேயோ மேலேயோ கம்பெனியின் முழுப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். இந்த மாதச் சீட்டையும் போன வருஷச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு சேமநிதிக் கணக்கறிக்கையில் சந்தா கட்டிய எஜமானின் எண்ணைப் பாருங்கள். எண் மாறியிருந்தால் யாரோ எஜமானை மாற்றியிருக்கிறார்கள். எட்டாவது விதியின் ஏழு நாள் என்றைக்குத் தொடங்கியது என்று கேளுங்கள். எண் மாறவில்லை, பலகை மட்டும் மாறியிருக்கிறது என்றால் அநேகமாகப் பங்குதான் கைமாறியிருக்கும். கம்பெனியின் பங்குதாரர் யார் என்பதைக் கம்பெனிகள் ஆணையத்தில் கட்டணம் கட்டி எவரும் பார்க்கலாம். பட்டா யார் பெயரில் என்பதை நில அலுவலகத்தில் பார்க்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை கிளைச் செலவில் இந்த இரண்டு தேடலையும் செய்து கோப்பில் வைக்க வேண்டும் என்று இந்த வகுப்பில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். தேநீர்ச் செலவைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் சகோதரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களிடம் நீட்டப்படும் தாள் அவர்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது. நாம் படித்துச் சொல்லலாம்.

தாய்மார்கள் பையில் சம்பளச் சீட்டு கொண்டுவந்திருந்தால், சாப்பாட்டு இடைவேளைக்கு முன் முன்மேசையில் கொடுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுகிறோம். புது நியமனக் கடிதம் வந்து, இன்னும் கையெழுத்துப் போடாமல் வைத்திருப்பவர்கள் கையை உயர்த்துங்கள். அவர்களை முதலில் கவனிக்கிறோம்.